சூசைத்துறையின் கோல் கம்பங்கள்

சூசைத்துறையில் மெல்லப் பேசுகிறவர்களை நோயாளிகள் என்று நினைப்பது வழக்கம். அலை ஓயாத அந்தக் கரையில் வள்ளத்தில் நிற்கிறவன் குடிக்கத் தண்ணீர் கேட்பதும், கரையில் நிற்கிறவள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதைச் சொல்வதும், பெண் கேட்பதும், கடவுளைக் கோபித்துக்கொள்வதும் ஒரே உரத்த குரலில்தான் நடக்கும். அப்படிக் கத்திக் கத்தியே வளர்ந்த ஜனம் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் கோயிலுக்குப் பின்னாலுள்ள மணல் மைதானத்தில் கூடி, தங்கள் விடிவெள்ளிக் கால்பந்துக் கழகம் தோற்பதைப் பார்த்து, தோற்கவைத்தவர்களை நோக்கிக் கத்தியதில் யாருக்கும் வியப்பில்லை. அந்தக் கத்தலுக்குக் கோல் கம்பம் நகர்ந்ததுதான் புதிது. அதற்கும் அவர்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள்.

விடிவெள்ளியின் மேனேஜர் எட்வின், கழகத் தலைவர் கஸ்பாரின் தங்கை புருஷன். வளைகுடாவில் ஏதோ கம்பெனியின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பும்போது காந்தப் பொத்தான்கள் ஒட்டுகிற பச்சைப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கமிட்டி அவரிடம் அணியை ஒப்படைத்தது. கஸ்பாருக்கு ஐஸ் ஆலை இருந்தது. ஐஸ் இல்லாமல் மீன் நிற்காது, மீன் நிற்காமல் ஊர் நிற்காது, ஆகவே கஸ்பார் நின்ற பக்கம் கமிட்டியும் நின்றது. காற்றாக ஓடுகிற டைட்டஸை எட்வின் தடுப்பு வரிசையில் நட்டுவைத்தார், தடுக்கத் தெரிந்தவர்களை முன்னால் ஓடவிட்டார், தோற்ற பிறகு பலகையில் பொத்தான்களை நகர்த்தி, இப்படி நடந்திருக்க வேண்டும் என்று காட்டினார். பொத்தான்கள் ஒருமுறைகூடத் தோற்கவில்லை.

முதல்முறை கம்பம் நகர்ந்தபோது வியாகுலம் கோலுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். கோல்கீப்பர் யூஜின் அவள் கணவன். அவள் பக்கத்தில் இருந்தவள் கில்டா, துறையில் மீன் ஏலம் கூறுகிறவள். அவள் விலை கூறினால் அடுத்த ஊரில் கை தூக்குவார்கள் என்று கேலி உண்டு. அன்று எதிரணி ஏற்கெனவே முன்னிலையில் இருந்தது. எட்வின் பலகையைத் தூக்கிக் காட்டி ஏதோ சொல்ல, கில்டா எழுந்து, "எட்வின் அண்ணே, அந்தப் பலகையைக் கடல்ல போடும். மீனாவது ஒட்டும்" என்று கூவினாள். சிரிப்பு எழுந்தது. கேலரி என்று ஊர் அழைக்கிற மண்மேட்டிலிருந்து யாரோ, "மேனேஜரை மாத்து" என்றார்கள், இன்னொருவர் "கமிட்டியை மாத்து" என்றார், பிறகு மேடு முழுவதும் அதையே சொல்லியது, அலையின் தாளத்துக்குச் சொல்லியது, அலை பின்வாங்கும்போது மூச்சு வாங்கி, அலை அடிக்கும்போது சேர்ந்து அடித்தது. அந்தக் குரல் ஏறிய நேரத்தில் வலது கம்பம், பெஞ்சில் இன்னொருவருக்கு இடம் விடுகிற ஆளைப்போல, மணலைக் கீறிக்கொண்டு ஒரு முழம் தள்ளிப் போனது. மேல் கம்பம் தொய்யாமல் கூடவே நீண்டது. வலையும் பெருகியது. யூஜின் திரும்பிப் பார்த்தான். நெரிசலான பஸ்ஸில் நிற்கிறவன் காலை மாற்றி வைப்பதுபோல ஒரு எட்டு வலப்பக்கம் நகர்ந்துகொண்டான். பந்து வந்தது, சற்று முன் கம்பம் நின்ற இடத்தின் வழியாக உள்ளே போனது.

நடுவர் டேப்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் கூட்டம் அடங்கிவிட்டது, கம்பமும் பழைய இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. அளவு சரியாக இருந்தது. ஆட்டத்துக்கு நடுவில் கம்பம் நகரக் கூடாது என்று விதிகளில் எங்கும் எழுதியிருக்கவில்லை என்று நடுவர் சொன்னார்; அவர் சொன்னது உண்மைதான். பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறியபோது அந்தக் கம்பங்கள் எதிரணிக்காரனுக்கு அசையவே இல்லை, மறுபக்கத்துக் கம்பங்கள் யூஜினுக்காக நகர்ந்தன. அடுத்த வாரம் வெளியூர் மைதானத்திலும், பின்தொடர்ந்து போன நம் ஆட்கள் கத்தியபோது, முன்பின் அறியாத அந்த ஊர்க் கம்பங்களும் அவனைச் சுற்றி விரிந்தன.

ஊர் இதைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடவில்லை. வாரம் இரண்டு போவதற்குள் எல்லோரும் அதை வானிலைபோலப் பேசினார்கள். "இன்னைக்கு ஒரு பாகம் விரிஞ்சுது" என்று இரு கைகளையும் அகல விரித்து அளவு காட்டினார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளை அழைத்துவந்து கம்பத்தடி மணலில் நீட்டலளவை சொல்லிக்கொடுத்தார். சாளை மீன் கோத்த கயிற்றைக் கட்டிக் காயப்போட இடமில்லாத பெண்கள், கம்பம் விரிந்தால் இடம் கிடைக்கும் என்று, ஆட்டமில்லாத நாளில் கம்பத்தடியில் நின்று நாலு சத்தம் போட்டுப் பார்த்தார்கள். யூஜின் நிற்காத கோல் அசையவில்லை என்று கண்டு, கயிற்றைப் பூவரசில் கட்டிக்கொண்டார்கள். பங்குச் சாமியாரிடம் கேட்டபோது, மறைக்கல்வியில் கோல் கம்பம் பற்றி ஒன்றுமில்லை, ஆனாலும் பொறாமை ஒரு பாவம் என்றார். யார்மீது யாருக்குப் பொறாமை என்று அவர் சொல்லவில்லை. கமிட்டி கூடி, ஆராய்ந்து, கோல்கீப்பர் நிற்கிற இடம் சரியில்லை என்று கண்டுபிடித்தது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் யூஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ஊர் அது. இப்போது ஐஸ் ஆலை வாசலில் அவன் போகும்போது, "என்னடே, ஒனக்குக் கை ரெண்டுதானா" என்று கேட்டார்கள். அவன் சிரித்தான். விரிந்த கோலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய்ந்து பாய்ந்து விழுந்ததில் அவன் வலத்தோள் பிசகியிருந்தது. நொச்சி இலையை வதக்கிக் கட்டினாலும், வைத்தியர் எண்ணெய் போட்டு நீவினாலும், தோள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் தாங்கியது. அந்தக் கையால்தான் அவன் வலை இழுத்தான். வியாகுலத்துக்குக் கம்பம் நகர்வதும் கழகம் தோற்பதும் பெரிதாகப் படவில்லை; சோற்றுத் தட்டைத் தூக்கும்போது அந்தக் கை நடுங்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டிரும்" என்றாள் ஒரு மத்தியானம், தோளில் எண்ணெய் வைத்துக்கொண்டே. "வேற ஆளு நிக்கட்டும்."

"இப்ப விட்டா நான்தான் காரணம்னு ஆயிரும்."

"இப்பமும் அப்படித்தான சொல்லுதாவ."

"சொல்லுதாவ. ஆனா நான் ஒத்துக்கிடல்ல. விட்டுட்டு வந்தா ஒத்துக்கிட்ட மாதிரி."

அவள் எண்ணெய்க் கையைத் தலையில் துடைத்துக்கொண்டாள். அவனிடம் வாதாடி ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் இல்லை.

எந்தக் கத்தலுக்குக் கம்பம் நகர்கிறது என்பதை முதலில் கண்டவள் வியாகுலம். மற்றவர்கள் பந்தையும் எட்வினையும் கஸ்பாரையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது, கணவனின் தோளுக்கும் கம்பத்துக்கும் உள்ள தூரத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்காதவள் அவள் ஒருத்திதான். பந்து வரும்போது அது நகரவில்லை, எதிரணி கூவும்போது நகரவில்லை, நம் ஆட்கள் "அடி, அடி" என்று உற்சாகமாகக் கூவும்போதும் நகரவில்லை. கமிட்டியைக் கேள்வி கேட்டால் மட்டும் நகர்ந்தது. கேள்வி எவ்வளவு நியாயமானதோ அவ்வளவு தூரம் போனது.

அவள் முதலில் கில்டாவிடம் போனாள். ஏலம் முடிந்து, கில்டா கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எக்கா, நீங்க ஏசுறது எட்வினுக்கு. அடி விழுறது இவருக்கு."

"பின்ன ஏசாம இருக்கச் சொல்லுதியா?"

"கொஞ்ச நாளைக்கு."

"ஏட்டி, கேளு. ஒன் மாப்பிள கை போகுதுன்னு எனக்கும் வருத்தந்தான். ஆனா நம்மகிட்ட இருக்கது தொண்டை ஒண்ணு. வள்ளம் அவங்க ஐசுக் கடனுக்குக் கட்டிக் கிடக்கு, கோயில்ல முன்வரிசை அவங்களுக்கு, கமிட்டியில ஓட்டு அவங்களுக்கு. இந்தத் தொண்டையும் மூடிக்கிட்டா நாம செத்த பொணத்துக்குச் சமம்."

"பொணத்துக்குத் தோளு வலிக்காது" என்றாள் வியாகுலம். கில்டா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூவினாள். ஆனால் கூவிவிட்டுக் கம்பத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஆகவே வியாகுலம் கழகச் செயலாளர் தொம்மையிடம் போனாள். தொம்மை நல்ல மனிதர், எல்லோரிடமும் தலையாட்டுவார். தான் கண்டதை அவரிடம் விவரமாகச் சொன்னாள். எட்வினை மாற்றிவிட்டால் ஜனம் அடங்கும், ஜனம் அடங்கினால் கம்பம் அடங்கும், தன் கணவனின் கை பிழைக்கும் என்றாள். தொம்மை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "நீ செய்தது பெரிய காரியம் மக்ளே" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவள் நிம்மதியாக நடந்தாள், வழியில் கொஞ்சம் பிச்சிப்பூகூட வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் ஒலிபெருக்கியில் தொம்மையின் குரல் வந்தது. ஆராய்ச்சி செய்து பார்த்ததில் கழகத்தை எதிர்த்துக் கத்துகிறவர்களால்தான் கோல் விரிகிறது என்று தெரியவந்திருப்பதாகவும், இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் நம் யூஜினின் மனைவியே என்றும், இனிமேல் மைதானத்தில் கழகத்தை எதிர்த்துக் குரல் கொடுப்பவர் யூஜினின் கையை ஒடிப்பவர் என்று கருதப்படுவார் என்றும், கைதட்டுவதற்குத் தடையில்லை என்றும் அந்தக் குரல் சொன்னது. எட்வினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்தில் முழங்காலில் இருந்த வியாகுலம் எழுந்திருக்க மறந்துபோனாள்.

அதன்பிறகு சூசைத்துறையில் மௌனம் வந்தது. யூஜினை ஊர் ஏசியது உண்மை, ஆனால் அவன் கை ஒடிய வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. அந்த அளவு அன்பைக் கமிட்டி சரியாகக் கணக்கிட்டிருந்தது. ஜனம் மண்மேட்டில் வந்து உட்கார்ந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டது. எட்வின் டைட்டஸைப் பெஞ்சில் உட்காரவைத்த அன்று ஆண்கள் மணலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள். ஞாயிறு காலைகளில் வள்ளங்கள் வலையில்லாமல் புறப்பட்டு, அலை உடைகிற இடம் தாண்டிப் போய், அங்கே எல்லோரும் எழுந்து நின்று கஸ்பாரையும் எட்வினையும் அடிவயிற்றிலிருந்து ஏசித் தீர்த்துவிட்டு, தொண்டை கட்டிப்போய்த் திரும்பிவந்து, பிற்பகலில் ஒழுங்காகக் கைதட்டினார்கள். அந்தப் பகுதியில் மீன் பிடிபடவில்லை என்று பிறகு பேச்சு வந்தது. வீட்டில் பிள்ளைகள் அழுதால், "கத்தாத, யூஜின் மாமன் கம்பம் நகரும்" என்று தாய்மார் அடக்கினார்கள். சாவு வீட்டில்கூட ஒப்பாரி இறங்கிப் போயிற்று. கில்டாவின் ஏலம் கிசுகிசுப்பாக நடந்தது, வாங்க வந்தவர்கள் காதில் கைவைத்துக் குனிந்து கேட்டார்கள்.

கோல் விரியவில்லை. விடிவெள்ளி தோற்றது. விரியாத கோலிலும் தோற்கலாம் என்பதை ஊர் அமைதியாகக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் பெருமழையில் பந்து சேற்றில் சிக்கி, ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது; அன்று எட்வினுக்கு மாலை போட்டார்கள், போட்ட கைகளில், ஊர் வாய் மூடுவதற்கு முன்பு ஆடி மாதம் அவர் கொடும்பாவிக்கு வைக்கோல் கட்டிய கைகளும் இருந்தன. கைதட்டலைக் கேட்டுக் கேட்டுக் கமிட்டிக்கு அது தங்களுக்கானது என்று தோன்ற ஆரம்பித்தது. மைதானத்தில் கமிட்டி உட்காருகிற சாமியானாவின் துணி மாறியது. நாற்காலிக்கு மெத்தை வந்தது. எட்வின் இன்னும் சில வருஷங்களுக்கு மேனேஜராக நீடிப்பார் என்று ஒலிபெருக்கி அறிவித்தபோது ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. வாயைத் திறந்தால் யூஜின் இருந்தான், திறக்காவிட்டால் எட்வின் இருந்தார். கடைசியில் யாரோ மெல்லக் கைதட்டினார்கள்.

வியாகுலத்தோடு பேசுவதைப் பெண்கள் விட்டுவிட்டார்கள். அவளைக் கண்டால் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார்கள். கில்டா மட்டும் கோலுக்குப் பின்னாலிருந்த வள்ளத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. "என்னய நாலு ஏசாவது ஏசுங்கக்கா" என்று வியாகுலம் ஒருநாள் கெஞ்சினாள். "கம்பம் நகரும்" என்றாள் கில்டா.

கடைசி ஆட்டம் அலைமுத்தூரோடு. அதில் தோற்காமல் இருந்தால் விடிவெள்ளி கடற்கரை லீக்கின் முதல் பிரிவில் தங்கும். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும், பிறந்த நாளிலிருந்து ஒருமுறைகூட இறங்காத கழகம். கமிட்டியின் சாமியானா, கடற்காற்று நன்றாக வருகிறது என்பதால், யூஜின் நின்ற கோலுக்கு வலப்பக்கம், மூலைக்கொடிக்கும் அப்பால் போடப்பட்டிருந்தது. இடைவேளையில் கஸ்பார் எட்வினுக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் கேட்டது. அந்த ஆட்டத்தில் மட்டும், கமிட்டி நம் கோலைவிட்டு விலகக் கூடாது, சாமியானாவை நகர்த்தவும் கஷ்டம் என்று, பக்கம் மாறாமலே ஆடுவது என இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பாதியில் யூஜின் ஒரு பந்தைத் தடுத்து விழுந்தான். எழுந்தபோது வலக்கை அவனோடு எழவில்லை. ஈரத்துணி கொடியில் தொங்குவதுபோலத் தோளிலிருந்து தொங்கியது. அவன் இடக்கையைத் தூக்கி, மாற்று ஆள் வேண்டும் என்று எட்வினுக்குக் காட்டினான். எட்வின் சாமியானாவில் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றுக் கோல்கீப்பரை அவர் அன்று முன்வரிசையில் ஓடவிட்டிருந்தார், அவனை எடுத்தால் பலகையில் ஒரு பொத்தான் குறையும். யூஜின் மறுபடியும் கையைத் தூக்கினான். மைதானம் முழுவதும் அதைப் பார்த்தது. தொம்மை பார்த்தார், பார்த்துத் தலையாட்டினார். கஸ்பார் இளநீரை உறிஞ்சினார். ஆயிரம் வாய்கள் மூடியிருந்தன, அவனுக்காகவே மூடியிருந்தன, அந்த மௌனத்துக்குள் அவன் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

வியாகுலம் வள்ளத்தின் மேல் ஏறி நின்றாள். தன் குரல் என்ன செய்யும் என்று அந்தக் கூட்டத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை.

"எட்வின் அண்ணே" என்றாள், வள்ளம் திரும்பாத நாளில் கடலைப் பார்த்துக் கூப்பிடுகிற குரலில். "அந்தாளு கையைப் பாரும். பலகையைப் பாக்காதயும், கையைப் பாரும். கஸ்பாரு முதலாளி, ஒம்ம வீட்டு ஆளுன்னா இப்படி நிக்க விடுவீரா?"

கம்பம் ஒரு பாகம் நகர்ந்தது. யூஜின் திரும்பி அவளைப் பார்த்தான். கோபமில்லை அந்த முகத்தில். நீயுமா என்பதுபோல ஒரு களைப்பு மட்டும் இருந்தது. அவள் நிறுத்தவில்லை. பிறகு கில்டா எழுந்தாள். அத்தனை மாதம் கிசுகிசுத்துப் பழுத்திருந்த அந்தத் தொண்டை திறந்தபோது கோயில் மாடப் புறாக்கள் ஒன்றாகக் கிளம்பின. அதற்குப் பிறகு மண்மேடு, அதற்குப் பிறகு மதில்மேல் இருந்தவர்கள், வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், வீட்டு வாசலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். டைட்டஸைக் கேட்டார்கள், மெத்தை நாற்காலியைக் கேட்டார்கள், தட்டிய கைதட்டல்களைத் திருப்பிக் கேட்டார்கள். கம்பங்கள் ஓடின. இடது கம்பம் மைதானத்தைக் கடந்து, பள்ளிக்கூடத்தைக் கடந்து, உப்போடைக் கரைக்குப் போனது. வலது கம்பம் மூலைக்கொடியைச் சாய்த்து, சாமியானாவைச் சுற்றிக்கொண்டு, ஐஸ் ஆலைச் சுவரருகே போய் நின்றது. தலைவரும் செயலாளரும் உறுப்பினர்களும் பொன்னாடையோடு மேனேஜரும் கோலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

யூஜின் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டான். அலைமுத்தூர்க்காரன் ஒருவன் பந்தைச் சும்மா தட்டிவிட்டான்; அது உருண்டு சாமியானாவுக்குள் போய்க் கஸ்பாரின் காலடியில் நின்றது. அவர் அதைக் குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நடுவர் விசில் ஊதினார்.

அதற்குப்பின் என்ன நடக்கும் என்று கேட்டால் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். விடிவெள்ளி இறங்கியது. கமிட்டி கூடி விசாரித்து, கோல்கீப்பர் கோலில் உட்கார்ந்ததும் அவர் மனைவி கட்டுப்பாட்டை மீறியதுமே தோல்விக்குக் காரணம் என்று முடிவு செய்தது. கஸ்பார் மறுபடியும் போட்டியின்றித் தலைவரானார். அன்று கத்தியவர்கள் மறுநாள் ஐஸுக்கு வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்கும்போது, வியாகுலம் முதலில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், என்று பேசிக்கொண்டார்கள். புதுக் கோல்கீப்பர் வந்தான். எட்வின் ஒரு பெரிய பலகை வாங்கினார்.

கம்பங்கள் மட்டும் திரும்பி வரவில்லை. கத்தல் அடங்கிய பிறகும், யூஜின் கோலைவிட்டுப் போன பிறகும், ஒன்று ஓடைக்கரையிலும் ஒன்று ஐஸ் ஆலை ஓரத்திலுமாக அப்படியே ஊன்றிவிட்டன. ஊர் முழுவதும் கோலுக்குள் இருந்தது. கோயில் உள்ளே, பள்ளிக்கூடம் உள்ளே, கல்லறைத் தோட்டம் உள்ளே. பஸ் இப்போது இடது கம்பத்தடியில் நிற்கிறது, கண்டக்டர்கள் "கோல் கம்பம், கோல் கம்பம்" என்று கூவி ஆளை இறக்குகிறார்கள். வலது கம்பத்தில் தேர்தல் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். எந்த அணி வந்தாலும் விடிவெள்ளி அந்தப் பக்கத்தையே காக்கும் என்று கமிட்டி பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஓங்கி உதைத்த பந்து தெருவில் வந்து விழும், எங்கே விழுந்தாலும் அது கோல்தான். பெண்கள் அதை எடுத்துத் திருப்பி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

யூஜினின் கை தோளுக்கு மேல் எழுவதில்லை. வலைக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை. கிழிந்த வலைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள், இடக்கையால் பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறான். வியாகுலம் கில்டாவோடு ஏலத்தில் நிற்கிறாள். அன்று கத்தியதற்காக அவள் அவனிடம் வருத்தம் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு பிற்பகல் அவன் வாசலில் வலையோடு உட்கார்ந்திருந்தான். மைதானத்துப் பக்கம் கைதட்டல் கேட்டது. பந்து ஒன்று தெருமுனையில் குதித்து, உருண்டு, வேகம் குறைந்து, அவர்கள் வீட்டு வாசற்படியை நோக்கி வந்தது. அவன் வலையை உதறிவிட்டுக் காலை நீட்டினான். படியைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் பந்து அவன் பாதத்தின் கீழ் நின்றது. தூரத்தில் விசில் ஊதினார்கள், கோல் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

வியாகுலம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தாள்.

"அது எப்பவோ உள்ள வந்தாச்சு" என்றாள். "காலை எடும். சோறு ஆறுது."

அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. பாதத்துக்கடியில் பந்து வெயிலில் சூடேறிக்கொண்டிருந்தது. அவன் காலை எடுக்கவில்லை.